சுமத்ராவின் பவளத்தில் பதிந்த நம் மழை

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் தாண்டிப் போகும் சாலையில் இருக்கிறது மணிமங்கலம். ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர். கார், செல்போன், கண்ணாடி, டயர் என்று ஆலைகள் நெருங்கி வந்துவிட்ட வட்டாரம். வேலைக்கு வருகிறவர்களுக்கு இது தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர். ஆனால் நீரின் கணக்கில் மணிமங்கலத்துக்கு வேறு இடம் உண்டு. 42 கிலோமீட்டர் ஓடிச் சென்னையில் கடலைச் சேரும் அடையாற்றின் தலைப்பகுதி இதுதான். மணிமங்கலம், மலைப்பட்டு, ஆதனூர் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியே வெளியேறும் உபரிநீர் ஓடையாகச் சேர்ந்து ஆறாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஏரிகள் எவ்வளவு பிடித்துக்கொள்கின்றன, எவ்வளவு விடுகின்றன என்பதை வைத்தே கீழே முடிச்சூரும் வரதராஜபுரமும் தப்பிப்பதும் தவிப்பதும்.

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரைமீறிய அந்த நாட்களை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழகத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை இயல்பாகக் கிடைக்க வேண்டிய சுமார் 44 சென்டிமீட்டருக்குப் பதில் 2016-இல் 17 சென்டிமீட்டர்கூடக் கிடைக்கவில்லை. பற்றாக்குறை 62 சதவீதம். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. ஓராண்டு இடைவெளியில் வெள்ளமும் வறட்சியும். இப்படி ஒரு ஊசல் இந்த மண்ணுக்குப் புதியதா, பழையதா? முன்பு எப்போதோ நடந்து மறந்துபோனதா, நம் காலத்தில்தான் ஆட்டம் கூடியிருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு ஊரில் இருக்கும் ஆதாரங்கள் போதாது. மணிமங்கலம் வரலாற்றில் சாதாரண ஊர் அல்ல. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களில் ஒன்றாக இதன் பெயரைக் கூரம் செப்பேடு சொல்கிறது. பதினோராம் நூற்றாண்டின் இராஜாதிராஜன், வீரராஜேந்திரன் காலக் கல்வெட்டுகள் இங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. படையெடுப்பும் பரிசும் நிலக்கொடையும் கல்லில் ஏறின. எந்த ஆண்டு மழை அதிகம், எந்த ஆண்டு இல்லை என்பது ஏறவில்லை. மழைமானி வைத்து அளந்த பதிவு சென்னையில் 1813-இலிருந்துதான் இருக்கிறது. இந்தியாவிலேயே மிகப் பழைய மழைப் பதிவுகளில் அதுவும் ஒன்று. இருந்தும் இருநூறு ஆண்டு என்பது பருவமழையின் போக்கைத் தீர்ப்பதற்குச் சின்னக் கால அளவு. நூறு ஆண்டில் ஒரு முறை வருகிற மழை என்று ஒன்றைப் பொறியாளர்கள் கணக்கிட்டுப் பாலமும் கால்வாயும் கட்டுகிறார்கள். இருநூறு ஆண்டுப் பதிவில் அத்தகைய மழை சராசரியாக இரண்டு தடவைதான் வந்திருக்கும். இரண்டு நிகழ்வுகளை வைத்து எவ்வளவு உறுதியாகப் பேச முடியும்?

நீளமான பதிவு ஒன்று இருக்கிறது. அது கிடைத்த இடம் தமிழகம் அல்ல. வங்கக் கடலைத் தாண்டி, சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் மெந்தாவாய்த் தீவுகள். அங்குள்ள பவளப்பாறைகளின் எலும்புக்கூட்டில், கடலின் ஆழ்நீர் எந்தெந்த ஆண்டுகளில் மேலே வந்தது என்பது வேதியியல் எழுத்தில் பதிந்திருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரை தமிழருக்கு அந்நியமானதும் அல்ல. அதே கரையில், இன்னும் வடக்கே பாருஸ் அருகிலுள்ள லோபு துவாவில், 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கற்பூரம் தேடிப் போன திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டியது அது. அவர்கள் காற்றின் போக்கை அறிந்து கலம் செலுத்தியவர்கள். அந்தக் காற்றுதான் இந்தக் கதையிலும் முதல் பாத்திரம்.

சுமத்ரா, ஜாவா கரையோரம் ஜூன் முதல் அக்டோபர் வரை தென்கிழக்கிலிருந்து காற்று வீசும். பூமி சுழல்வதால் தென்கோளத்தில் கடலின் மேல்நீர் காற்று வீசும் திசைக்கு இடப்புறமாக ஒதுங்கும். இங்கே இடப்புறம் என்றால் கரையைவிட்டு விலகி நடுக்கடலை நோக்கி. வெதுவெதுப்பான மேல்நீர் விலகினால் அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் ஏறி வரும். இதுவே ஆழ்நீர் மேலெழுச்சி. பெருவின் நெத்திலி வளமும் அரபிக் கடலின் மீன்வளமும் இந்த ஏற்றத்தால் வருபவை. ஆழ்நீரில் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் கூடுதல். வெளிச்சம் படும் அடுக்குக்கு அவை வந்ததும் மிதவைப் பாசிகள் பெருகும், அவற்றைத் தின்று மீன் பெருகும்.

சுமத்ராவில் சாதாரண ஆண்டுகளில் இந்த ஏற்றம் பலவீனம். சித்திரை, வைகாசியிலும் மறுபடி ஐப்பசி, கார்த்திகையிலும் நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து வீசும் காற்று வெந்நீரைக் கிழக்கே தள்ளிக் கொண்டுபோய்ச் சுமத்ராவின் ஓரத்தில் குவிக்கிறது. அதனால் குளிர்நீர் அடுக்கு அங்கே ஆழத்தில் அமுங்கிக் கிடக்கும். சில ஆண்டுகளில் இது புரள்கிறது. மேற்குக் காற்று தளர்ந்து கிழக்குக் காற்று ஓங்குகிறது. வெந்நீர் ஆப்பிரிக்கப் பக்கம் ஒதுங்க, சுமத்ராவில் குளிர்நீர் அடுக்கு மேலே நெருங்கி வந்து, கரையோரக் காற்று அதை எளிதில் இழுத்துக்கொள்கிறது. கிழக்கே கடல் குளிர்வதால் இந்தோனேசியாவில் மழை குறைகிறது, மேற்கே கடல் சூடாவதால் கென்யா, சோமாலியாப் பக்கம் வெள்ளம் வருகிறது. 1999-இல் நேச்சர் இதழில் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகாதா ஆகிய நால்வர் இந்த ஏற்ற இறக்கத்துக்கு முறையான வடிவம் கொடுத்தார்கள். இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று இப்போது வானிலை அறிக்கைகளில் வருவது இதுதான். கிழக்கு குளிர்ந்து மேற்கு சூடானால் நேர்மறை, எதிராக நடந்தால் எதிர்மறை.

இந்த இருமுனை உச்சம் தொடுவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. நம் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிருபளானியும் பங்கஜ் குமாரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். நேர்மறை ஆண்டுகளில் ஈரக்காற்று தென்னிந்தியாவை நோக்கிக் குவிந்து வடகிழக்குப் பருவமழை பெருக வாய்ப்பு கூடுகிறது, எதிர்மறை ஆண்டுகளில் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. 1997 வலுவான நேர்மறை ஆண்டு, தமிழகத்தில் மழை கொட்டியது. 2015-உம் நேர்மறைதான். 2016 பதிவான எதிர்மறைகளில் மிக வலுவானவற்றில் ஒன்று. 2023-இல் மறுபடி நேர்மறை. அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது, இரண்டு வாரம் கழித்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது.

இவற்றை மட்டும் அடுக்கிவிட்டு நிறுத்தினால் அது நேர்மையான எழுத்து ஆகாது. 2010 எதிர்மறை ஆண்டு, தமிழகத்தில் இயல்பைவிட அதிக மழை. 2019-இல் வந்தது மிகத் தீவிரமான நேர்மறை, மழையோ மாநில அளவில் இயல்பை ஒட்டியே இருந்தது, சென்னைக்குக் குறைவு. பசிபிக்கில் எல் நினோவா லா நினாவா, வங்கக் கடலில் புயல் எங்கே உருவாகிறது, எந்த வளைவில் கரையேறுகிறது என்பவையும் சேர்ந்துதான் ஓர் ஆண்டின் மழை. தாம்பரத்தில் பெய்த 49 சென்டிமீட்டரைச் சுமத்ராவின் குளிர்நீர் பெய்வித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பெருமழைக்கும் பெருவறட்சிக்கும் சாதகமான ஆண்டுகளை அது கூட்டுகிறது, குறைக்கிறது. அந்த அளவில் சுமத்ராவில் மேலெழுச்சி எத்தனை முறை வலுத்தது என்ற பழங்கணக்கு நமக்கும் வேண்டியது.

அந்தக் கணக்கைப் பவளம் எப்படி வைத்திருக்கிறது?

போரைட்டஸ் என்ற பவள இனம் குன்று போலத் திரண்டு வளரும். உயிருள்ள பகுதி மேலே ஒரு மெல்லிய படலம்தான். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அது கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக் கட்டி, கட்டிவிட்டுக் கைவிட்ட கூடு. அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகம். ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை வளரும். மூன்று, நான்கு மீட்டர் உயரக் குன்றில் இரண்டு மூன்று நூற்றாண்டு இருக்கலாம். ஆய்வாளர்கள் மூழ்கிப் போய் உள்ளீடற்ற குழாய் முனை கொண்ட துளைப்பானால் குன்றின் உச்சியிலிருந்து நடு வழியே துளைத்து உருளை உருளையாக எடுப்பார்கள். துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் பவளம் அதன்மேல் மறுபடி வளர்ந்து மூடிக்கொள்ளும். உருளையை நெடுக அறுத்து, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள பலகையாக்கி, எலும்பு முறிவுக்கு எடுப்பது போலவே எக்ஸ்ரே எடுப்பார்கள். பிலிமில் வெளிர் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறித் தெரியும். அடர்த்தியாக வளர்ந்த பருவம் ஒன்று, தளர்வாக வளர்ந்த பருவம் ஒன்று. ஒரு ஜோடி சேர்ந்தால் ஓராண்டு.

ஒரு ஜோடி ஓராண்டுதான் என்று உறுதியானது ஒரு கொடுமையின் வழியாக. அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த எனிவெடோக் பவளத்தீவில், வெடிப்பு நடந்த ஆண்டுகளின் கதிரியக்கம் அங்குள்ள பவளங்களில் தனி அடுக்குகளாகப் படிந்திருந்தது. நட்சன், பட்டெமையர், ஸ்மித் ஆகிய மூவரும் 1972-இல் அந்தக் கதிரியக்க அடுக்குகளையும் எக்ஸ்ரே பட்டைகளையும் ஒப்பிட்டு, பட்டைகள் ஆண்டுக்கணக்கு காட்டுகின்றன என்று நிறுவினார்கள்.

நாள் தெரிந்தபின் வேதியியல். பலகையின் வளர்ச்சி அச்சில் ஒரு மில்லிமீட்டர், சில சமயம் அதற்கும் குறைந்த இடைவெளியில் நுண்துளைப்பானால் சுரண்டினால் உப்புச் சிட்டிகையைவிடக் குறைவான வெண்தூள் வரும். ஒவ்வொரு தூளும் ஏறக்குறைய ஒரு மாதத்துக் கடல். அதைப் பாஸ்பரிக் அமிலத்தில் கரைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். அந்த வாயுவிலுள்ள ஆக்சிஜனில் எடை 16 உள்ளவை எத்தனை, 18 உள்ளவை எத்தனை என்று நிறைமாலைமானி எண்ணும். நீர் குளிரக் குளிரக் கனமான ஆக்சிஜன் கூட்டில் அதிகமாகச் சேரும். ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் சுமார் 0.2 பங்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிகாகோவில் ஹெரால்ட் யூரே தொடங்கிவைத்த வழி இது.

ஆனால் ஆக்சிஜன் ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாறலாம். கடல்நீரின் ஆக்சிஜன் கலவையே மழையாலும் ஆவியாதலாலும் மாறும். மழை நீரில் இலேசான ஆக்சிஜன் கூடுதல். அதனால் பவளத்தில் கனமான ஆக்சிஜன் கூடியிருந்தால், கடல் குளிர்ந்ததா, மழை இல்லையா, இரண்டுமா என்று தெரியாது. இங்கே உதவுவது ஸ்ட்ரான்சியம். பவளம் கூடு கட்டும்போது கால்சியத்துக்குப் பதிலாக ஆங்காங்கே ஸ்ட்ரான்சியம் அணுவும் நுழைந்துவிடும். நீர் குளிர்ந்தால் கொஞ்சம் கூடுதலாக நுழையும், ஒரு டிகிரிக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான வேறுபாடு. மழை இதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. எனவே ஸ்ட்ரான்சியம் வெப்பநிலையைச் சொல்ல, அதை ஆக்சிஜன் கணக்கிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மழையின் கதை. மேலெழுச்சியால் கடல் எவ்வளவு குளிர்ந்தது, இந்தோனேசியாவில் எவ்வளவு வறண்டது என்று இரண்டையும் ஒரே தூளிலிருந்து பிரித்துப் படிக்க முடிவதுதான் இந்த முறையின் பலம். ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வேறுபாட்டை நம்பகமாக அளப்பது எவ்வளவு கடினம் என்பது ஒரகடத்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு அறையில் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன் நின்று உலோகக் கலவையைச் சரிபார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தூண்டிவிட்ட அணு உமிழும் ஒளியைப் பிரித்துத் தனிமத்தை எண்ணும் அதே தத்துவத்தில் இயங்கும் கருவிகள் பவள ஆய்வகங்களிலும் உண்டு.

வெப்பநிலையைச் சுற்றி வளைக்காமல் ஆழ்நீரையே நேராக அடையாளம் காட்டும் தனிமங்களும் இருக்கின்றன. கடலில் காட்மியம் பாஸ்பேட்டைப் போலவே நடந்துகொள்ளும். மேல்நீரில் மிதவை உயிர்கள் அதை உறிஞ்சிவிடும், அவை செத்து மூழ்கும்போது ஆழத்தில் சேரும். அதனால் மேலெழுச்சி வந்தால் மேல்நீரில் காட்மியம் கூடும், பவளத்திலும் கூடும். 1987-இல் ஷென், பாயில், லீ ஆகியோர் கலபகோஸ் தீவுப் பவளங்களில் இதைக் காட்டினார்கள். எல் நினோ வந்து மேலெழுச்சி அடங்கும்போது பவளத்தில் காட்மியம் குறைந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. மேலெழுச்சி பெரிதாக இல்லாத வட அட்லாண்டிக்கின் பெர்முடா பவளத்தில் வேறொரு காட்மியம் இருந்தது. அமெரிக்க ஆலைகளின் புகைபோக்கி வழியே வானேறிக் கடலில் விழுந்த காட்மியம் அது. ஆலைகள் நடுவே வாழும் நாம் இந்த ஆய்வை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். புகை எங்கே போகிறது என்று நாம் பார்ப்பதில்லை, பவளம் குறித்துக்கொள்கிறது.

1989-இல் அதே குழு பேரியத்தையும் சேர்த்தது. அதுவும் ஆழ்நீரில் கூடுதல். ஆனால் ஆற்று வண்டலிலும் பேரியம் வரும் என்பதால், முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள பவளத்தில் அது வெள்ளத்தின் அடையாளமா, மேலெழுச்சியின் அடையாளமா என்று பிரிப்பது பாடு. மூன்றாவது சாட்சி ரேடியோகார்பன். நெடுங்காலம் காற்றைத் தொடாமல் ஆழத்தில் கிடந்த நீரில் கதிரியக்கக் கார்பன் சிதைந்து குறைந்திருக்கும். அது மேலே வந்தால் அந்த ஆண்டின் பவளம் தன் வயதுக்கு மீறிய பழமையைக் காட்டும். மெந்தாவாய்ப் பவளங்களில் ரேடியோகார்பனை அளந்த ஆய்வு 2004-இல் வெளியானது.

மெந்தாவாயில் நெடுங்காலம் உழைத்தவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி நெரிலி ஆப்ரம். இந்தோனேசிய ஆய்வாளர்களும் உடன் உழைத்தார்கள். முதலில் அவர்கள் கண்ணில் பட்டது சாவு. 1997-இல் மெந்தாவாயில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளங்களும் மீன்களும் ஒரே வீச்சில் செத்தன. 2003-இல் சயன்ஸ் இதழில் அவர்கள் சொன்ன காரணம் இது: அந்த ஆண்டின் கடும் மேலெழுச்சி சத்துநீரைக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் வறட்சியில் இந்தோனேசியக் காடுகள் பற்றியெரிந்து, புகையிலிருந்த இரும்பு கடலில் விழுந்து உரமானது. செம்பாசி வெடித்துப் பெருகி, செத்து, அழுகி, நீரிலிருந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. பாறையே மூச்சுத்திணறிச் செத்தது. எரித்த காடும் எழுந்த ஆழ்நீரும் சேர்ந்து செய்த வேலை.

உயிருள்ள குன்றுகள் ஒன்றிரண்டு நூற்றாண்டுதான் தரும். அதற்கு முந்திய காலத்துக்கு மெந்தாவாயில் ஓர் இயற்கை ஏற்பாடு இருக்கிறது. இந்தத் தீவுகள் நிற்பது இரண்டு நிலத்தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று சொருகும் கோட்டின் மேல். 2004 டிசம்பர் 26 அன்று இதே கோட்டின் வடபகுதி உடைந்துதான் நாகப்பட்டினம் வரை ஆழிப்பேரலை வந்தது. 1797-இலும் 1833-இலும் மெந்தாவாயை உலுக்கிய பெரு நிலநடுக்கங்களில் கடற்தளம் உயர்ந்து, பவளங்கள் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கப்பட்டுச் செத்தன. அந்தத் தேதிகளையே பவளம்தான் உறுதிப்படுத்தியது. இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தூக்கப்பட்ட புதைபவளங்கள் தீவுகளின் ஓரம் கிடக்கின்றன. யுரேனியம் தோரியமாகச் சிதையும் வேகத்தை வைத்து ஒவ்வொன்றும் எந்தக் காலத்தது என்று கணிக்கலாம், உள்ளே இருக்கும் பட்டைகளை வைத்து ஆண்டுகளை எண்ணலாம்.

இவற்றைத் துண்டு துண்டாகச் சேர்த்து 2020-இல் ஆப்ரம் குழு நேச்சர் இதழில் வெளியிட்டது இதுவரை உள்ளவற்றில் நீளமான கணக்கு. 1240-ஆம் ஆண்டிலிருந்து, இடைவெளிகளோடு, சுமார் ஐந்நூறு ஆண்டுகளின் கடல்நிலை அதில் இருக்கிறது. 1240 என்றால் தஞ்சையில் சோழர் ஆட்சி தேய்ந்துகொண்டிருந்த காலம். கிடைத்த விவரங்களில் இரண்டை இங்கே முன்வைக்கிறேன்.

முதலாவது, தீவிர நேர்மறை நிகழ்வுகள் அரிது. பதிவு முழுவதிலும் பத்துதான். அந்தப் பத்தில் நான்கு பதிவின் கடைசி அறுபது ஆண்டுகளுக்குள் வந்தவை. அரிதாக இருந்தது அடிக்கடி வருவதாகிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, 1675-ஐ ஒட்டி ஒரு நிகழ்வு நடந்திருக்கிறது. கருவிகள் அளந்த காலத்தின் மிக வலுவான 1997-ஐவிட அது 42 சதவீதம் வரை வலுவாக இருந்திருக்கலாம். அப்போது புதைபடிவ எரிபொருளின் கரியமில வாயு வளிமண்டலத்தில் இல்லை. மனிதத் தூண்டுதல் இல்லாமலே இந்தக் கடலால் நாம் பார்த்ததைவிடப் பெரிதாக ஆட முடியும். அந்த ஆட்டத்தின் மேல் இப்போது வெப்பமாதலும் சேர்கிறது. என் பார்வையில் இரண்டாவது செய்திதான் அதிகம் உறுத்துகிறது. முதலாவதைப் புவி வெப்பமாதல் பற்றிய எச்சரிக்கைகளோடு சேர்த்து நாம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது, நம் மழைமானிப் பதிவின் உச்சத்தை எல்லை என்று கொள்ளக் கூடாது என்கிறது.

பவளக் கணக்கையும் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டியதில்லை. பதிவில் ஓட்டை இருக்கும் நூற்றாண்டுகளில் நடந்த நிகழ்வுகள் எண்ணிக்கையில் வரவில்லை. பவளம் நோயுற்றால், வெளிறினால், வளர்ச்சி தடைப்பட்டால் ஸ்ட்ரான்சியம் நுழையும் விகிதமே மாறும். செத்த கூட்டின் துளைகளில் கடல்நீர் புகுந்து புதிதாகப் படிகம் கட்டினால், கடல் இருந்ததைவிடக் குளிர்ந்ததாகப் பொய் சொல்லும். அதனால்தான் ஒவ்வொரு துண்டையும் நுண்ணோக்கியில் பார்த்துத் தேறியதையே அளக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது சுமத்ராவின் கடல்நிலை. 1675-இல் மணிமங்கலம் ஏரி உடைந்ததா என்று எந்தப் பவளமும் சொல்லாது. அதைச் சொல்ல ஏரியின் அடிவண்டலையும் பழைய மரங்களின் வளையங்களையும் தனியே படிக்க வேண்டும்.

நம் கடலின் பவளங்கள் என்ன ஆயின?

இந்தியாவில் இந்தத் துறையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் தமிழர். திருச்சியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆர். ரமேஷ். 1998-இல் பட்நாகர் விருது பெற்றவர், 2018-இல் மறைந்தார். அவரும் சுப்ரியோ சக்ரவர்த்தியும் 1990-களிலேயே லட்சத்தீவு, கட்ச் வளைகுடாப் பவளங்களின் ஆக்சிஜனைப் படித்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்றின்போது லட்சத்தீவைச் சுற்றிக் கடல் குளிர்வது பவளத்தில் ஆண்டுதோறும் பதிந்திருப்பதை 1993-இல் வெளியிட்டார்கள். வழி அப்போதே திறந்துவிட்டது. ஆனால் மெந்தாவாய் அளவுக்கு நீண்ட பதிவு நம் கடலிலிருந்து இன்னும் வரவில்லை.

மன்னார் வளைகுடாவில் நடந்தது இன்னும் வருத்தமானது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவர் அருகே போய்ப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில் பவளக்கல் தெரியும். சின்னச் சின்னக் குழிகள் நெருங்கிய முகம், ஒவ்வொரு குழியும் ஒரு பவளப்பூச்சி குடியிருந்த வீடு. கல் அறுபட்ட பக்கமாக இருந்தால் வளர்ச்சிக் கோடுகள்கூடக் கண்ணில் படும். கீழக்கரையிலும் யாழ்ப்பாணத்து நெடுந்தீவிலும் வீடும் மதிலும் இப்படிக் கட்டினார்கள். அது கைக்கு எட்டிய அளவு எடுத்த காலம். பிறகு தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகவும் கார்பைடு, சிமெண்ட் ஆலைகளுக்காகவும் ஆண்டுக்குப் பல ஆயிரம் டன் பவளம் வெட்டியெடுக்கப்பட்டது. வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கின, பவளம் வெட்டியதே முக்கியக் காரணம். 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் சூளையில் எரிந்தவற்றில் எத்தனை நூற்றாண்டுக் கடல் இருந்ததோ, அதை இனி யாரும் படிக்க முடியாது.

மிச்சம் இருப்பவற்றிலும் படிக்கத் தக்க செய்தி இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் கரைப் பகுதியிலும் ஆழ்நீர் மேலெழுகிறது. அந்தச் சத்துநீர் கோடைப் பருவ நீரோட்டத்தோடு இலங்கையின் தெற்கைச் சுற்றி வங்கக் கடலுக்குள் போகிறது. குமரி மாவட்ட விசைப்படகுக்காரர் வலைக்கு வரும் மீன் பெரும்பாலும் இந்த ஏற்றத்தின் பிள்ளை. இந்த மேலெழுச்சி நூறு ஆண்டில் வலுத்ததா, தளர்ந்ததா என்பதற்கு லட்சத்தீவுப் பவளமும், எச்சரிக்கையோடு படித்தால் மன்னார் வளைகுடாப் பவளமும் சாட்சி சொல்லும். எச்சரிக்கை ஏன் என்றால், வளைகுடா ஆழம் குறைந்தது. தாமிரபரணி கொண்டுவரும் வண்டல் பேரியக் கணக்கைக் குழப்பும், ஆலைக் கழிவு காட்மியக் கணக்கைக் குழப்பும். ஸ்ட்ரான்சியமும் ஆக்சிஜனும் ரேடியோகார்பனும் சேர்த்து அளந்தால்தான் பிரியும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இன்னும் பல ஆலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் திட்டம் போடுகிறார்கள். வேலை வரட்டும், நல்லது. ஆனால் வெள்ள மட்டத்தை 2015-இல் பார்த்த அளவோடு நிறுத்திக் கணக்கிடுவது தவறு. அதைத் தாண்டிய மழைக்கும், 2016-ஐத் தாண்டிய வறட்சிக்கும் மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் கொள்ளளவும், வரத்துக்கால்களும், கலங்கலிலிருந்து ஆறு வரையிலான ஓடையும் தாங்க வேண்டும். ஏரியின் நீர்ப்பிடிப்பைக் குறைக்கும் எந்த அனுமதியும் இந்த வட்டாரத்துக்குக் கட்டுப்படியாகாது என்பது என் முடிவு. பவளப் பதிவு அதற்கு நேரடிச் சான்று அல்ல, ஆனால் பாதுகாப்பு வரம்பைத் தாராளமாக வைக்கச் சொல்லும் வலுவான காரணம்.

இன்னொரு கோரிக்கை சென்னையிலேயே இருக்கும் கடல் ஆய்வு நிறுவனங்களுக்கும் மாநில அரசுக்கும். பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, தூத்துக்குடியில் பவளங்களை ஆண்டுக்கணக்காகக் கண்காணிக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அகமதாபாத்திலும் புனேயிலும் அளக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 1998, 2010, 2016, 2024 என்று வெளிறல் அடுத்தடுத்து வருகிறது. வெளிறிச் செத்த குன்றைத் துளைக்கும் புழுவும் கடற்பஞ்சும் அரித்துவிட்டால் உள்ளே இருக்கும் பதிவும் போய்விடும். லட்சத்தீவு, அந்தமான், மன்னார் வளைகுடா மூன்றிலும் நிற்கும் பழைய போரைட்டஸ் குன்றுகளை முதலில் பட்டியலிடுங்கள். உரிய அனுமதியோடு, உயிருக்குச் சேதமில்லாமல், ஒவ்வொரு பகுதியிலும் சிலவற்றிலிருந்தாவது உருளை எடுத்து, எக்ஸ்ரே எடுத்து, எந்த ஆய்வாளரும் பயன்படுத்தக் கூடிய பொதுக் காப்பகத்தில் வையுங்கள். இன்றே எல்லாவற்றையும் அளக்கப் பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உருளை பத்திரமாக இருந்தால் நாளை அளக்கலாம்.